கையில் ஃபோன் இருந்தால் நிருபரா? மல்ட்டிமீடியா இதழியல் படிப்பு பற்றி ஒரு சேலத்து இழை

கேள்வி: மே 12, 2025

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். நல்ல மார்க். அக்கா பி.காம். என்கிறது, பாப்பா மல்ட்டிமீடியா ஜர்னலிசம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விஸ்காம் வேறு, இது வேறு என்றும் சொல்கிறாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் பக்கம் பைபாஸில் ஒரு விபத்து என்றால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் நாலு பேர் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அது எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்துவிடுகிறது. அவர்கள் யாரும் மூன்று வருடம் படித்தவர்கள் இல்லை. இதற்கு எதற்குக் காலேஜ், எதற்கு ஃபீஸ்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 12, இரவு

அந்த நாலு பேரிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள் அண்ணா. இதே இடத்தில் போன வருடம் எத்தனை விபத்து? தெரியாது என்பார்கள். உளுந்தூர்பேட்டை போகிற நாலு வழிச்சாலை, ஊர்களைச் சுற்றும் பைபாஸ்களில் இரண்டு வழியாகக் குறுகும்படிதான் முதலில் போடப்பட்டது. நாலு வழியில் வந்த வேகத்தோடு உள்ளே நுழைகிறவன் எதிரே லாரியைப் பார்க்கிறான். ஏன் அப்படிப் போட்டார்கள், அகலப்படுத்தும் வேலை யாரிடம் இருக்கிறது, ஸ்டேஷனில் இருக்கும் கணக்கு என்ன, இதையெல்லாம் அலைந்து வாங்கி வருகிறவர்தான் நிருபர். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், கையில் ஃபோனும் இருக்கிறது.

ஆனால் உங்கள் சந்தேகம் முழுக்கத் தப்பில்லை. காலேஜ் எல்லாம் இதைச் சொல்லித் தருகிறதா என்றால் இல்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

மே 13

முதலில் நான் யார் என்பது. அம்மாப்பேட்டை. அப்பா தறி ஓட்டினார். சேலத்தில் ஒரு கல்லூரியில் இதழியல் படித்து, ஒரு சேனலின் மாவட்ட அலுவலகத்தில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது தனியாக வேலை செய்கிறேன். நடுநடுவே கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பார்க்கக் கூப்பிடுவார்கள், போவேன். டீ நன்றாக இருக்கும், ப்ராஜெக்ட் எப்படியோ.

விஸ்காம் என்றால் புகைப்படம், விளம்பரம், வடிவமைப்பு, அனிமேஷன், குறும்படம் எல்லாம் கலந்த படிப்பு. அதில் செய்தி ஒரு ஓரத்தில் இருக்கும். இதழியல் என்றால் செய்தி சேகரிப்பு, எடிட்டிங், ஊடகச் சட்டம். மல்ட்டிமீடியா இதழியலில் வேலை அதேதான். வெளியே வரும்போது எழுத்தாக வரலாம், ஒலியாக வரலாம், வீடியோவாக, வரைபடமாக வரலாம். எது எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அந்தப் படிப்பின் உயிர்.

உங்கள் பக்கத்து ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்வோம். மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் தங்கவிட்டு, மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். இதை எழுத்தில் விளக்கினால் கொட்டாவி வரும். வீடியோவில் ஒரு நிமிடம் போதும். கிழங்கு விலை வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குவதை வீடியோவில் ஒருவர் நின்று சொன்னால் தலையில் நிற்காது. அதற்கு ஒரு கோட்டுப்படம் போட்டால் போதும். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவில் ஏலம் எப்படி நடக்கிறது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததால் கிழங்கு போட்டவனுக்கு ஒரு ரூபாயாவது கூடக் கிடைத்ததா, இதெல்லாம் எழுத்து. களத்தில் வேலை பார்க்கும் அம்மா தன் முழங்கால் வலியைச் சொல்வது வெறும் ஒலியாக இருந்தாலே போதும். கேமராவைப் பார்த்தால் அவர் பேசமாட்டார்.

இப்படிப் பிரித்துப் பார்க்கச் சொல்லித் தருகிற ஆசிரியர் இருந்தால் ஃபீஸ் கட்டுங்கள்.

மே 13, கொஞ்ச நேரம் கழித்து

"அதை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்.

அட்மிஷனுக்குப் போகும்போது ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டுவார்கள். பச்சைத் திரை, பெரிய லைட், கிரேன் எல்லாம் இருக்கும். பார்த்துத் தலையாட்டிவிட்டு, மாணவர்கள் நடத்தும் பத்திரிகையின் கடைசி மூன்று இதழ்களைக் கேளுங்கள். அச்சோ, இணையமோ, எதுவாக இருந்தாலும் சரி. காட்டினால் புரட்டிப் பாருங்கள். கல்லூரி ஆண்டுவிழா, தாளாளர் பிறந்தநாள், கவிதை என்று மட்டும் இருந்தால் அங்கே இதழியல் நடக்கவில்லை. வாசலில் இருக்கும் பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை இல்லை என்று யாராவது எழுதியிருந்தால் நல்ல துறை என்று வைத்துக்கொள்ளலாம்.

பாடம் எடுப்பவர்களில் ஒருவராவது ஒரு செய்தி அறையில் வேலை பார்த்திருக்க வேண்டும். பிஎச்.டி. இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்கு டெஸ்க்கிலிருந்து, அதாவது செய்தியைத் திருத்தி வெளியிடும் பிரிவிலிருந்து, ஃபோன் வந்து "பைட் (பேட்டித் துண்டு) எங்கே?" என்று கத்தும்போது வயிற்றில் என்ன செய்யும் என்று தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

அப்புறம் மைக் எத்தனை என்று கேளுங்கள். கேமரா எத்தனை என்று எல்லோரும் கேட்பார்கள்.

மே 15

மைக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்கு அதில் ஒரு கோபம் உண்டு.

நான் படிக்கும்போது எங்கள் வகுப்பில் ஒரு குழு அம்மாப்பேட்டைத் தறிகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தது. எங்கள் வீட்டுப் பக்கம்தான். படம் கண்ணுக்கு அழகாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம், நூல் மேல் தூசி மிதப்பது, எல்லாம். துறையில் போட்டுக் காட்டி எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டில் அப்பாவுக்குக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு, "சத்தத்தைக் காணோமே" என்றார். உண்மைதான். முழுப் படத்துக்கும் பின்னால் வீணை ஓடிக்கொண்டிருந்தது. தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வாய் அசைவைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வார்கள். அப்பாவுக்கு ஒரு காது மந்தமானதே அந்தச் சத்தத்தால்தான். அதை எடுத்துவிட்டு வீணை போட்டால் அது தறி பற்றிய படமாக எப்படி இருக்கும்?

சத்தம் வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. அவர்களிடம் இருந்த மைக் கேமராவில் கூடவே வருகிற மைக். அதில் பதிவானது இரைச்சல். அதை மூடத்தான் வீணை. துறையில் இருந்த ஒரே நல்ல மைக் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. எடுத்தால் பழுதாகிவிடுமாம்.

சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று, ஃபோனில் செருகுவது, வாங்கிக் கொடுத்தால் போதும். முதல் வருடத்துக்கு அதைவிடப் பெரிய உபகரணம் வேண்டாம். எந்த இடத்துக்குப் போனாலும் பேட்டி முடிந்தபின் எல்லோரையும் அரை நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி அந்த இடத்தின் சும்மாச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப் போடும்போது அது தெய்வம் மாதிரி கைகொடுக்கும்.

மே 16

ஒருவர் கேட்டிருக்கிறார், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் எடுத்த வீடியோவில் கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடுகிறது, ஃபோன் போய்விட்டதா என்று.

ஃபோனுக்கு ஒன்றும் இல்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. குழல் விளக்கும் மலிவான எல்இடியும் அதன்படி விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஃபோன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 படம், ஷட்டர் 1/60 என்ற கணக்கில் ஓடும். அது 60 சுற்று மின்சாரம் ஓடுகிற அமெரிக்காவுக்கு ஒத்து வரும். நம் ஊரில் 25 படம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் கோடு போய்விடும். இதைக் கைமுறையாக மாற்றும் கேமரா ஆப் இலவசமாகவே கிடைக்கும்.

இதை வகுப்பில் சொல்லித் தருகிறார்களா என்றால், "ஃப்ரேம் ரேட் என்றால் என்ன?" என்று ஐந்து மார்க் கேள்வி வரும். பையன் மனப்பாடமாக எழுதிவிட்டுப் பட்டறைக்குப் போய்க் கோடு போட்ட வீடியோவோடு வருவான்.

மே 25

மேலே ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம். ஒரு வேலையாகப் போக வேண்டியிருந்தது. ஏற்காடு பஸ்ஸில் நின்றுகொண்டே இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். வழியில் யோசித்ததை எழுதி வைக்கிறேன், கொஞ்சம் அங்கே இங்கே போகும்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது கீழே மூன்று பசங்கள் ட்ரைபாடு வைத்து நின்றார்கள். 1935-ல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த சினிமா ஸ்டூடியோ, இன்றைக்கு மிச்சம் அந்த வளைவுதான். சேலத்தில் ஊடகம் படிக்கிற ஒவ்வொரு பேட்சிலும் ஒரு குழுவாவது அதைப் படமெடுக்கும். அந்த வளைவுக்கு வாய் இருந்திருந்தால் பைட் கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்திருக்கும். எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அங்கே வேலை பார்த்த லைட்மேன், தச்சர், சமையல்காரர் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்தால் புதிதாக ஏதாவது கிடைக்கும். வளைவு மட்டும் என்றால் ஏற்கெனவே இருக்கிற நூறு வீடியோவோடு நூற்றி ஒன்று.

அடுத்தது காபி. இதையும் எல்லோரும் எடுப்பார்கள். சேர்வராயன் மலையில் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த கதையில் ஆரம்பித்து, பனிமூட்டத்தில் முடிப்பார்கள். இங்கே சிக்கல் கல்லூரிக் காலண்டர். கோடை மழை ஒன்று விழுந்தால் மார்ச், ஏப்ரலில் காபி பூக்கும். அதைப் பூ மழை என்பார்கள். தோட்டமே வெள்ளையாகும், மல்லிகை மாதிரி வாசம், சில நாளில் கருகிவிடும். பழம் எடுப்பு நவம்பரிலிருந்து ஜனவரி வாக்கில். பையன்களுக்கு ப்ராஜெக்ட் கொடுப்பது ஜனவரியில், வாங்குவது மார்ச்சில். தலைப்பு ஒப்புதல் வாங்கி, கைடு கையெழுத்து வாங்கி மலைக்கு வருவதற்குள் கடைசிப் பழமும் களத்தில் காய்ந்திருக்கும். பூ பூக்கும்போது இவர்கள் பரீட்சை ஹாலில். ஆக அவர்கள் எடுத்து வருவது பச்சை இலை, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, ரிசார்ட் பால்கனியில் ஒரு கப் காபி. பாப்பா காபி எடுக்கப் போவதாக இருந்தால் ஐந்தாவது செமஸ்டரிலேயே, பழம் எடுப்பு தொடங்கும்போதே, மலைக்கு ஏறட்டும். ப்ராஜெக்ட் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

தோட்டத்துக்குள் போக முதலாளியிடம் அனுமதி வாங்கினால் மட்டும் போதாது. வேலைக்கு ஆள் பிரித்துவிடும் ரைட்டர் யார் என்று கேட்டு அவரிடமும் சொல்லிவிட வேண்டும். அவர் கூடவே நின்றால் பெண்கள் கூலியைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாயங்காலம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போய், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, முதலில் சும்மா பேச வேண்டும்.

இன்னொன்று. பகோடா பாயிண்ட், லேடிஸ் சீட் மாதிரி இடங்களில் காற்று அடித்தால் பேட்டி மொத்தமும் 'புஸ் புஸ்' என்று பாழாகும். மைக்குக்கு முடி வைத்த உறை ஒன்று விற்கிறார்கள், எலிக்குட்டி போல இருக்கும். பார்த்துச் சிரிக்க வேண்டாம், வாங்குங்கள். மேலே குளிரில் இருந்த கேமராவைக் கீழே சேலம் வெயிலில் உடனே திறந்தால் லென்ஸில் வியர்க்கும். பையை மூடியே வைத்திருந்து, சூடு சமமானபின் திறக்க வேண்டும்.

மே 26

16-ஆம் தேதி எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். புது ஃபோன்கள் சிலவற்றில் கேமரா செட்டிங்கிலேயே 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. அது இருந்தால் தனி ஆப் தேவையில்லை. சொன்ன தம்பிக்கு நன்றி.

ஜூன் 3

"தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?" என்ற சண்டை இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதில் இறங்கவில்லை. பாப்பா எந்த மீடியத்தில் படித்தாலும் சேலத்தில் வேலை தமிழில்தான். அதனால் தமிழ்த் தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஃபோனில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்ளும் பழக்கத்தோடு டெஸ்க்கில் வந்து உட்கார்ந்தால் முதல் வாரமே கண்ணீர். தமிழ்99 விசைப்பலகை 1999-லேயே அரசு அங்கீகரித்தது. லீவிலேயே பழகிவிடலாம், கஷ்டமே இல்லை.

யூனிகோடும் பழைய எழுத்துருவும் இன்னொரு தலைவலி. அச்சுப் பக்க வடிவமைப்பு செய்யும் இடங்களில் இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அதை அப்படியே இணையத்தில் ஒட்டினால் குப்பை. மாற்றித் தரும் கருவி உண்டு. அதில் போட்டபின் ஒரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும், எண்களும் மேற்கோள் குறிகளும் சில சமயம் வேறாகிவிடும். வீடியோ எடிட்டிங் மென்பொருளில் தமிழ்த் தலைப்பு போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். செட்டிங்கில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகும். ஒரு பேட்ச் முழுக்க இது தெரியாமல், எழுத்தை ஃபோனில் அடித்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீடியோவில் ஒட்டியிருந்தது. பாவம், அதற்கும் ஒரு உழைப்பு இருக்கிறதே என்று மார்க் போட்டேன்.

இதோ இன்னொரு கூத்து: தாெகுதி. பார்க்கச் சரியாகத் தெரிகிறதா? கால் குறியை முதலில் அடித்துக் கொம்பை அப்புறம் அடித்திருக்கிறேன். சில திரைகளில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் இந்தச் செய்தி சிக்காது.

ஜூன் 12

இன்று மேட்டூர். டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான தேதி, வழக்கமான காட்சி. மதகு, நுரை, மலர் தூவல், டெல்டா விவசாயிகள் மகிழ்ச்சி. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்ற இரண்டு எண்களும் ஒவ்வொரு சேனலிலும் ஓடியிருக்கும்.

நான் ஆசிரியராக இருந்தால் இன்று வகுப்பை அணைக்குக் கூட்டிப்போகமாட்டேன், பண்ணவாடிக்குக் கூட்டிப்போவேன். 1934-ல் அணை முடிந்து தண்ணீர் நின்றபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அங்கே இருக்கிறது. நீர் இறங்கும் வருடங்களில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். பத்திரிகைகள் அப்போது ஒரு படம் போடும். "நந்தி தெரிகிறது" என்பதே செய்தி. அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள், பேரப் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள், நீர்த்தேக்கத்தில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு நீர் குறைந்தால் நல்லதா, கூடினால் நல்லதா? இதற்கெல்லாம் முதலமைச்சர் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். அங்கே போய் இன்னொரு ட்ரைபாடு வைப்பதில் மாணவனுக்கு என்ன லாபம்?

ட்ரோன் பற்றிக் கேட்டவருக்கு: 2021 விதிகளின்படி 250 கிராமுக்குள் இருக்கும் பொடி ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் இடம் பச்சை மண்டலமா, அதாவது தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய இடமா, என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஓமலூர் காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதை நம் பசங்கள் மறந்துவிடுகிறார்கள். அணைப் பக்கம் கேட்காமல் ஏற்றினால் போலீஸ் பிடிக்கும், அதற்கு நான் ஜாமீன் தரமாட்டேன்.

ஜூன் 14

அண்ணா கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் நாளே இதைத்தான் எழுதியிருக்கலாம், கொலுசும் காபியும் இழுத்துக்கொண்டு போய்விட்டன.

படித்தவருக்கும் சும்மா வீடியோ எடுப்பவருக்கும் இரண்டு இடத்தில் வித்தியாசம் தெரியும். ஒன்று, எதை வெளியிடக் கூடாது என்பது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் பெயர், படம் மட்டுமல்ல, வீடு, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் தெரியக்கூடிய எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெரியவர்கள் விஷயத்தில் இதே தடையைச் சொன்ன பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு 2024 ஜூலையிலிருந்து புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவாக இருக்கிறது. இதெல்லாம் தெரியாமல், முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டுப் பள்ளியின் பெயர்ப் பலகையை முழுசாகக் காட்டும் யூடியூப்காரர்களைப் பார்க்கிறோம். தெருப் பேரைச் சொல்லி, "பக்கத்து வீட்டுக்காரர் பேட்டி" வேறு. நான் வேலை பார்த்த இடத்திலேயே ஒரு முறை அப்படி ஒரு காட்சியை வெட்டச் சொன்னேன். "போட்டி சேனலில் போய்க்கொண்டிருக்கிறதே" என்றார் மேலே இருந்தவர். வெட்டினோம், ஆனால் ஒரு சுற்று ஒளிபரப்பான பிறகுதான்.

இரண்டாவது, காகிதம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. நம் மாநிலத்தில் பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு வெள்ளைத் தாளில் கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை என்றால் மேல்முறையீடு. செமஸ்டரில் ப்ராஜெக்டுக்கு இருப்பது மூன்று நான்கு மாதம். முதல் வாரமே மனு போட்டால் எடிட்டிங் ஆரம்பிக்கும்போது பதில் கையில் இருக்கும். மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? கடைசி மாதம் "அதிகாரிகள் பதிலளிக்க மறுத்துவிட்டனர்" என்று வாய்ஸ் ஓவர் கொடுக்கிறார்கள். கேட்டதே இல்லை, எங்கிருந்து மறுப்பது?

உங்கள் பைபாஸ் விபத்துக் கணக்கை இப்படியே கேட்கலாம். "ஏன் இவ்வளவு விபத்து?" என்று கேட்டால் பதில் வராது, சட்டத்தில் 'ஏன்' என்பதற்கு இடம் கம்மி. "2020 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை இந்தக் காவல் நிலைய எல்லையில், இந்தச் சாலையில் பதிவான விபத்துகள், இறந்தவர்கள், மாதவாரியாக" என்று ஆவணமாகக் கேட்க வேண்டும். பாப்பா காலேஜ் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், நீங்களே போடலாம்.

ஜூன் 20

வேலை, சம்பளம். எல்லோரும் இதைத்தான் தனியாகக் கேட்கிறீர்கள், பொதுவில் யாரும் கேட்பதில்லை.

மாவட்டத்தில் முழுச் சம்பள வேலைகள் குறைவு. தாலுகா அளவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பகுதிநேர நிருபர்கள். செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, அதுவும் வெளியானால். 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்தித்தாளை மனத்தில் வைத்து எழுதியது. அப்போது இந்தியாவில் தொலைக்காட்சியே கிடையாது. எனவே "சட்டப் பாதுகாப்பு இருக்கிறதே" என்று கல்லூரியில் சொன்னால் யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள். சென்னைக்குப் போனால் டிஜிட்டல் டெஸ்க்குகளில் வாய்ப்பு உண்டு, ஷிஃப்டு உண்டு, இடுப்பு வலியும் உண்டு. என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று செய்தியில் இல்லை. ஒருத்தி மருத்துவமனை ஒன்றின் விளம்பரப் பிரிவில் இருக்கிறாள், எங்களில் வீடு கட்டியது அவள் மட்டும்தான்.

இன்னொரு யோசனையும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மே 13-ல் "ஃபீஸ் கட்டுங்கள்" என்றேன். இப்போது அதில் பாதி மனசுதான் இருக்கிறது. இளங்கலையில் பொருளாதாரமோ, தமிழோ, ஏன், அக்கா சொல்கிற பி.காமோ படித்துவிட்டு, முதுகலையில் இதழியலுக்கு வரலாம். இங்கேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் துறை இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த நிருபர் இந்த மாவட்டத்தில் அபூர்வம். படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு இதழியல் மாணவராக இருக்க வேண்டும் என்று இல்லை. எடிட்டிங் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, யாரும் கற்றுக்கொள்ளலாம். பேலன்ஸ் ஷீட் அப்படித் தானாக வராது.

மறுபக்கம், பதினேழு வயதுப் பெண் ஒன்றை விரும்பிக் கேட்கும்போது அதைக் கொடுக்காமல் பி.காமில் தள்ளினால் பேலன்ஸ் ஷீட்டும் வராது, நிருபரும் வரமாட்டார். முடிவு உங்கள் வீட்டில்.

ஜூன் 21

"பி.காம். என்று சொல்லிவிட்டீர்களே, அக்கா அந்த வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறது" என்று அண்ணா எழுதியிருக்கிறார். கடைசிப் பத்தியையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரியை மட்டும் வெட்டிப் போடுவது எங்கள் தொழில், வீட்டில் செய்யக் கூடாது.

ஜூலை 2

சேர்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள், இதழியலே. மகிழ்ச்சி. பஸ் ஸ்டாப் நிழற்குடைச் செய்தியை அந்தத் துறைப் பத்திரிகையில் பார்த்ததாகவும் சொன்னீர்கள். நான் சும்மா உதாரணத்துக்குச் சொன்னேன், நிஜமாகவே ஒருவர் எழுதியிருக்கிறார் பாருங்கள்.

லேப்டாப் எது என்று கேட்டிருந்தீர்கள். முதல் வருடம் வேண்டாம். ஃபோனிலேயே வெட்டட்டும். இரண்டாம் வருடம் வாங்கும்போது 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்று பார்த்து வாங்குங்கள். தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் கட்டாயம். எடுத்த காட்சி ஒரே இடத்தில் இருந்தால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியம், வண்டி. பாப்பாவுக்குப் பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸ் எடுத்துக் கொடுங்கள். வாழப்பாடியிலிருந்து சேலத்துக்குப் பஸ் இருக்கிறது, சேகோ ஆலைக்கும் கிழங்குக் காட்டுக்கும் இல்லை. பெண் பிள்ளைகள் பேட்டியைப் பாதியில் விட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஓடியிருக்கிறேன். ஹெல்மெட் இரண்டாக வாங்குங்கள். பின்னால் உட்காருகிற கேமராக்காரர் எப்போதும் கொண்டுவரமாட்டார்.